மச்சமா, மண்ணா?

கட்டை விரலை நாக்கில் தொட்டு எடுத்து, பையனின் பிடரியில் வைத்து அழுத்தித் தேய்க்கிறார் வெள்ளையம்மாள். பையன் நெளிகிறான். "இர்ரா, ஓடாத." இன்னொரு தேய்ப்பு. பிடரியில் இருந்த கறுப்புப் புள்ளி விரலோடு வந்துவிடுகிறது. "மண்ணு சார்" என்று அறிவித்துவிட்டுப் பையனின் முழங்கையைத் திருப்புகிறார். அங்கே ஒன்று தெரிகிறது. மறுபடி எச்சில், மறுபடி தேய்ப்பு. இது அசையவில்லை. "மச்சம். எழுதிக்கோங்க. சோத்தாங்கை, முட்டிக்கு உள்பக்கம்."

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் வெற்றிச்செல்வன் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். பிள்ளை ஒன்றுக்கு இரண்டு அங்க அடையாளங்கள் வேண்டும். இரண்டும் அகப்படும்வரை அந்த அம்மாள் பிள்ளையை விடமாட்டார். காது மடல், விலா, கணுக்கால் என்று தேடிக்கொண்டே போவார். மச்சமே இல்லாத பிள்ளை என்றால் தழும்புக்கு இறங்குவார். பலா மரம் ஏறி விழுந்த தழும்பு இல்லாத பிள்ளை இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே போனால் தும்பக்காடு. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழை பிடித்தால் அதுவும் இல்லை. அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு வெள்ளையம்மாள் தலைவர். படிக்கிற பிள்ளையின் தாயைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. கடைசி மகள் கல்பனா ஏழாம் வகுப்பில் இருப்பதால் விதிப்படி உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. இந்த மூன்று வருடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிச்செல்வன் பார்த்ததே கிடையாது.

காலை ஒன்பது மணிக்குக் கையில் அரிவாளோடு வருவார். கொல்லைக் காட்டுக்கு வேலைக்குப் போகிற வழி. அரிவாளைப் பள்ளியின் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவார். முதல் வேலை சமையல்கூடம். சத்துணவு முட்டைகளைத் தண்ணீர் வாளியில் போட்டு, மிதக்கிற முட்டையைத் தனியே எடுத்து வைப்பார். அடுத்து வகுப்பு வகுப்பாகத் தலையை எண்ணுவார். இரண்டு தலை குறைந்தால் வாசலில் நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும், அவர்களை ஆடு மேய்க்க அனுப்பிய தகப்பன்களின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார். பிள்ளைகள் வந்துவிடும். தகப்பன்கள் அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார்கள்.

கையெழுத்து ஒரு தனி விசேஷம். எட்டாவது வரை படித்தவர். 'வெள்ளையம்மாள் முனியன்' என்று முழுதாகத்தான் போடுவார். பேனாவை அவர் பிடிக்கிற பிடியில் எழுத்து அந்தப் பக்கத்தோடு நிற்காது. அடியில் இருக்கிற மூன்று பக்கங்களிலும் தடம் விழும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் எழுதாத தாளிலும் அவர் பெயரைத் தடவிப் படிக்கலாம்.

வெற்றிச்செல்வன் மலையடிவாரத்துப் படவேட்டுக்காரர். நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மலை முதலில் பிடிக்கவில்லை. மாறுதல் எப்போது கிடைக்கும் என்று மாதம் எண்ணிக்கொண்டு வந்தவர். இந்த அம்மாளையும் முதலில் ஒரு தொல்லை என்றுதான் நினைத்தார். அந்த நினைப்பை மாற்றியது ஒரு பிறந்த தேதி.

மலையில் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டிலேயே பிறந்தவர்கள். சான்றிதழ் கிடையாது. பெற்றவளைக் கேட்டால், "பொறந்தது நெனவு கீது, தேதி யார் பாத்தா?" என்பாள். அப்போது வெள்ளையம்மாள் குறுக்கே வருவார். "சார், இது கோவிலுக்குக் கொடி ஏத்துன வருசம், சீத்தாப்பழம் பழுக்க ஆரம்பிச்சப்ப. அது கொரோனா வந்த வருசம், புளி உலுக்கி ஏழாம் நாளு." சாமை விதைப்பு, கொள்ளு அறுப்பு, கடுக்காய் பொறுக்குவது, தேன் எடுப்பது என்று அவர் மண்டைக்குள் ஒரு காலண்டர் ஓடுகிறது. தும்பக்காட்டில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் அதில் ஏதோ ஒரு விளைச்சலில் இருக்கிறார்கள். ஒருமுறை வெற்றிச்செல்வன், சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று, கிராம செவிலியரின் பழைய நோட்டை வாங்கி ஒரு பிள்ளையின் தேதியை ஒப்பிட்டார். இரண்டே நாள் வித்தியாசம். இன்னொன்றைப் பார்த்தார். அதே நாள். அவருக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. அன்றிலிருந்து சேர்க்கைக்கு யார் வந்தாலும் முதலில் தலைவர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

போன ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, அவர் கூப்பிடாமலே வந்தார். கூட ஒரு பெண் பிள்ளை. எட்டு வயது சொல்லலாம். எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல், வெளுத்துப் போன கவுன்.

"சார், இந்தப் புள்ள புளி குடோன்ல கீது. ரெண்டு நாளா வாசல்ல குந்தி கொட்டைங்கள வரிசையா அடுக்கினு இருந்துச்சு. இன்னாடா ஆட்டம்னு கிட்டப் போய்ப் பாத்தேன். ஆட்டமில்ல சார். பேரு எழுதுது."

தும்பக்காட்டுப் புளியைச் சுற்றுவட்டாரத்திலேயே அதிகம் வாங்குகிறவர் வாணியம்பாடி உஸ்மான் பாய். ஊர்க் கடைசியில் அவருக்கு ஒரு குடோன் உண்டு. புளி தட்டவும் கொட்டை எடுக்கவும் கீழேயிருந்து ஆள் கூட்டி வருவார். அப்படி வந்த வதனி என்ற பெண்ணின் மகள் இவள் என்று பிறகு தெரிந்தது.

"பேரு இன்னா கண்ணு, சாருக்குச் சொல்லு."

"கபிஷா."

"காலைல துன்னியா?"

"ஓம்."

"ஸ்கூலுக்கு வர்றியா?"

"ஓம்."

வெள்ளையம்மாள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா சார் இது, எத்தக் கேட்டாலும் மந்திரம் சொல்லுது! சாமிப் புள்ளையா கீது."

வெற்றிச்செல்வன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் அவரோடு படித்த ஒருவன் அகதி முகாமிலிருந்து வந்தவன். அவனும் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வான். பிள்ளை எந்தக் கடலைத் தாண்டி வந்திருக்கிறது என்பது அந்த ஒரு சொல்லில் தலைமையாசிரியருக்கு விளங்கிவிட்டது. திறந்து வைத்திருந்த பதிவேட்டை அவர் மெல்ல மூடினார்.

மறுநாள் இருவருமாகக் குடோனுக்குப் போனார்கள். வதனி எழுந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூடத்து ஆள் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை வெற்றிச்செல்வன் பார்த்தார். வெள்ளையம்மாள் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளியை எடுத்துக் கொட்டை நீக்க ஆரம்பித்தார். அரைக் கூடை ஆனது. தலைமையாசிரியர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு கூடை முழுதாக ஆன பிறகுதான் வதனி வாயைத் திறந்தாள்.

அவர்கள் நாட்டில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று மாளாத வருடத்தில், புருஷனும் பிள்ளையுமாகப் படகேறி வந்தவர்கள். எந்த முகாமிலும் பதியவில்லை. பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதை நம்பிவிட்டார்கள். புருஷன் இப்போது வாணியம்பாடியில் தோல் மூட்டை தூக்குகிறான். பிள்ளையைச் சேர்க்கக் கீழே இரண்டு இடத்தில் கேட்டாள். இரண்டு இடத்திலும் பேப்பர் கேட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அவள் கேட்கவே போகவில்லை. ஊரில் ஒன்றாம் வகுப்பைத் தொடங்கிய பிள்ளை, மூன்று வருடமாக எந்த வகுப்பிலும் இல்லை.

"பேப்பர் ஒண்ணுமே கிடையாதாம்மா?" என்று கேட்டார் வெற்றிச்செல்வன்.

வதனி வெள்ளையம்மாளைப் பார்த்தாள். உள்ளே போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து வந்தாள். நாலு சுற்று பிரித்தால் உள்ளே மடித்த ஒரு அட்டை. "இதை ஒருத்தருக்கும் காட்டேல்லை அக்கா. இதிலை ஊர் போட்டிருக்கு. படகாலை இறங்கேக்கை எல்லாம் நனைஞ்சு போச்சு. இதை மட்டும் தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

அது அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் கொடுக்கிற வளர்ச்சி அட்டை. தமிழில்தான் இருந்தது. வெள்ளையம்மாள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். எழுத்து பொடியாக இருந்ததால் தலைமையாசிரியரிடம் நீட்டினார். "படிங்க சார், எல்லாத்தையும்." அவர் படித்தார். முல்லைத்தீவு. இரண்டாயிரத்துப் பதினாறு நவம்பர் பதினொன்று. விடியற்காலை நாலு நாற்பது. எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம். எந்த மாதம் என்ன தடுப்பூசி, எந்த மாதம் எவ்வளவு எடை, தலை நின்றது எப்போது, முதல் பல் எப்போது, தனியாக நடந்தது எப்போது. வெள்ளையம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஊரில் அத்தனை பிள்ளைகளின் பிறப்பையும் தலைக்குள்ளேயே சுமந்துகொண்டு திரிகிறவர், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு எழுத்து இருக்க முடியும் என்று முதல் தடவையாகக் கேட்கிறார். வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது.

"பல்லு மொளச்சதைக் கூட எழுதிக்கீறாங்களே சார்!" பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "நம்ம புள்ளைங்களுக்கு ஊரு கீது, தேதி இல்ல. இந்தப் புள்ளைக்குத் தேதி கீது, ஊரச் சொல்ல முடியல."

தேதி கையில் இருந்தும் அவருக்கு அது போதவில்லை. விரல் விட்டு எண்ணினார். "நோட்டு செல்லாதுன்னு சொன்ன மூணாம் நாளு. மேக்காட்டுல சாமை அறுத்துனு இருந்தோம். அன்னிக்குத்தான் தாண்டவராயன் மாமா வூட்டுக் கன்னுக்குட்டி பாறையில வுழுந்துச்சு." வதனியின் தோளைத் தட்டினார். "சாமை அறுப்புல பொறந்த பொண்ணுமா உன் பொண்ணு. ஒண்ணும் கவலப்படாத." முல்லைத்தீவில் பிறந்த பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் அவர் மண்டைக் காலண்டரில் இடம் கிடைத்துவிட்டது.

பதிவேட்டில் இடம் கிடைப்பதுதான் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் புளி லோடு மலையை விட்டு இறங்குகிறது. குடோனைக் காவல் பார்த்துக்கொண்டு இங்கேயே இருப்பதானாலும் இரு, லாரியில் வருவதானாலும் வா என்று உஸ்மான் பாய் வதனியிடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்றால் புருஷனைப் பிரிந்துகூட இருக்க அவள் தயார். இல்லையென்றால் எதற்கு இருக்க வேண்டும்? லாரி போய்விட்டால் கபிஷாவும் போய்விடுவாள். இன்னோர் இடத்தில் போய்க் கேட்க வதனிக்குத் தெம்பு இருக்காது.

வெற்றிச்செல்வன் நல்லவர். ஆனால் பயந்த நல்லவர். சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டம் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் பதிவேட்டில் 'தேசிய இனம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே! முதல் பக்கத்திலிருந்து இன்றுவரை அதில் இந்தியன், இந்தியன் என்றுதான் எழுதியிருக்கிறது. இதில் வேறு எதையாவது எழுதப் போய் மேலிருந்து கேள்வி வந்தால்? அந்தக் குடும்பத்தை யாராவது தேடி வந்தால்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "பேரு இப்ப வேணாம்மா. சும்மா வந்து உக்காரட்டும், படிக்கட்டும், சாப்பிடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

வெள்ளையம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பேரு இல்லாம குந்துனா அது புள்ள இல்ல சார், விருந்தாளி."

புதன்கிழமை கபிஷா நான்காம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் வகுப்பே அவளைச் சுற்றி மொய்த்துவிட்டது. வியாழக்கிழமை காலை வெற்றிச்செல்வன் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டார்.

"ரமேஷ்."

"ஓம் சார்."

நிமிர்ந்து பார்த்தார். ரமேஷ் அடக்க ஒடுக்கமாக நின்றான். "ரம்யா." "ஓம் சார்." "சந்திரன்." "ஓம் சார்." உள்ளேன் ஐயா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் ஓம் போட்டார்கள். கடைசி வரிசையில் கபிஷா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, தன் முறை வரும் என்று எழுந்திருக்கத் தயாராக இருந்தாள். பட்டியல் முடிந்தது. அவர் பதிவேட்டை மூடினார். அந்தப் பிள்ளை பாதி எழுந்தபடியே நின்று, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டது. எல்லாருக்கும் ஓம் சொல்லிக்கொடுத்தவளின் பெயரை மட்டும் அவர் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையம்மாள் நின்றிருந்தார். அவரை ஏறிட்டுப் பார்க்க வெற்றிச்செல்வனுக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் அவரே ஆளனுப்பி வெள்ளையம்மாளைக் கூப்பிட்டார். "எழுதிடறேன்மா. எல்லாருக்கும் போல இந்தியன்னே எழுதிடறேன். ஊரு தும்பக்காடுன்னு போட்டுடலாம். தமிழ்தானே பேசுது, யாருக்குத் தெரியப் போவுது?" அவரளவில் அது பெரிய துணிச்சல். பாராட்டை எதிர்பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம்.

வெள்ளையம்மாள் பாராட்டவில்லை. "எங்க அக்கா சகுந்தலா கதை உங்களுக்குத் தெரியாதில்ல" என்றார்.

அக்காளும் தங்கையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள். அன்றைக்கு இருந்த வாத்தியார், இரண்டு பேருக்கும் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்குக் காட்ட, அக்காளுக்கு மார்ச் ஒன்று, தங்கைக்கு ஜூன் ஒன்று என்று ஒரே வருடத்தில் எழுதிவிட்டார். அங்க அடையாளம்? வகுப்பு முழுவதற்கும் வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு மச்சம். அவருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. அக்காள் பத்தாவது தேறினாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. சாதிச் சான்றுக்கு இரண்டு பேர் தாளையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். தாளைப் பார்த்த குமாஸ்தா தகப்பனிடம், "ஒரே தாய்க்கு மூணு மாசத்துல ரெண்டு பிரசவமா? இதுல எது உன் பொண்ணு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கன்னத்தில் மச்சத்தைக் காட்டு என்றார். இல்லாத மச்சத்தை எங்கே காட்டுவது? எல்லாம் திருத்தி வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. சகுந்தலா இப்போது குடகில் மிளகு பறிக்கிறாள்.

"அந்த மூணு மாசம் எங்க அக்காளத் துன்னுடுச்சு சார். அன்னிக்கு அந்த வாத்தியாரும் நல்ல மனசோடதான் எழுதுனாரு. உங்கள மாதிரியே." வெள்ளையம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. "இந்தப் புள்ளைக்கு ஒரு பொய்ய எழுதி வச்சா, அது பத்தாவதுல நிக்கும், இல்ல கலியாணத்துல நிக்கும். எங்கியாவது ஒரு எடத்துல நின்னு வழி மறிக்கும். நெசத்த எழுதுங்க. மத்தத ஊரு பாத்துக்கும். நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டம் போடுங்க."

எச்சிலைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளின் பிடரியைத் தேய்த்த அந்த விரலை வெற்றிச்செல்வன் பார்த்தார். இத்தனை நாளும் அதை ஒரு மலைக்காட்டுக் கிறுக்கு என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தது ஞாபகம் வந்தது. பட்டம் வாங்கியவர் தான், பதிவேடு எதற்கு என்று தெரிந்தவர் இந்த அம்மாள் என்று அவருக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். விஷயம் ஏற்கெனவே ஊரில் பரவியிருந்தது. பேத்தியைப் படிக்க வைக்கிற தாண்டவராயன்தான் முதலில் எழுந்தார். "நம்ம புள்ளைங்களுக்கே ஒண்ணு கெடச்சா ஒண்ணு கெடைக்கறதில்ல. இதுல கடல் தாண்டி வந்ததுக்கு வேறயா? நாளைக்கு எவனாவது ஜீப்புல வந்து எறங்கினா யாரு பதில் சொல்றது?"

"மாமா, நம்ம பெருசுங்க இன்னா சொல்லும்? நாம எங்க இருந்து வந்தோம்னு?" என்று கேட்டார் வெள்ளையம்மாள்.

"காஞ்சிபுரம்னு சொல்லும்."

"வரும்போது எந்த நோட்டுல பேரு எழுதி வச்சிட்டு மல ஏறுனோம்?"

கூட்டம் சிரித்தது. தாண்டவராயன் சிரிக்கவில்லை. "அது எந்தக் காலம். இப்போ சட்டம் கீது."

"செரி, இந்தக் காலத்துக்கு வர்றேன். உன் பெரிய மவன் குடகுல கீறான். அவன் பொண்ணு எங்க படிக்குது?"

"அங்கதான். எஸ்டேட்டு பக்கத்துல."

"சேக்கும்போது இன்னா பேப்பர் குடுத்தான்?"

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் குடுக்கல. அந்த டீச்சரம்மாவே வந்து புள்ளையக் கைப்புடிச்சு இட்டுனு போச்சாம்."

"அவங்களுக்கு நம்ம பாசைகூடத் தெரியாது மாமா." அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு வாதாடவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்துத் தலைமையாசிரியர் முன்னால் வைத்தார். "எழுதுங்க சார். முல்லைத்தீவுல பொறந்த கபிஷா, அம்மா பேரு வதனி, நம்ம ஊர்ல தங்கிக்கீது. எட்டு வயசு முடிஞ்சுது. ஊருக்குத் தெரிஞ்சே சேக்கறோம். எவன் கேட்டாலும் மொதல்ல என்னக் கேக்கணும். அதயும் எழுதுங்க."

அவர் எழுதினார். வெள்ளையம்மாள் பேனாவை வாங்கி, மேசைமேல் குனிந்து, முழுப் பெயரையும் போட்டார். அடியில் மூன்று பக்கம் தடம் விழுந்தது. எல்லாரும் ஒவ்வொருவராக வந்தார்கள். தாண்டவராயன் கடைசிக்கு முந்தியவராக வந்து, "கன்னுக்குட்டி வுழுந்த அன்னிக்குப் பொறந்த புள்ளைன்றா, இன்னாத்த சொல்றது" என்று முனகிக்கொண்டே போட்டார்.

வதனியைக் கூட்டி வரக் கல்பனாவை அனுப்பினார்கள். அவள் வந்தபோது கையில் துணி மூட்டை இருந்தது. பின்னால் கபிஷா. ரோட்டில் லாரி கிளம்பத் தயாராக நின்றது. வெற்றிச்செல்வன் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பேரையும் தேதியையும் அட்டையைப் பார்த்து எழுதினார். தேசிய இனம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "இங்க என்ன எழுதணும்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். "எதுவும் எழுத வேணாம்னாலும் சரி. கோடு போட்டுடறேன்."

வதனி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அந்த ஒரு சொல்லை மறைத்துத்தான் அவள் உயிர் வாழ்ந்தாள். வெள்ளையம்மாள் அவளை அவசரப்படுத்தவில்லை. "ஊருக்காரர் எல்லாரும் கையெழுத்து வச்சிட்டினமோ, அக்கா?" என்று கேட்டாள். "வச்சாச்சுமா." வதனி மூட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப இலங்கை எண்டே எழுதுங்கோ, சேர்."

வெற்றிச்செல்வன் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினார். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பதிவேட்டில் இவ்வளவு சுத்தமான ஒரு சொல்லைத் தான் இதுவரை எழுதியதில்லை என்றும் அவருக்குத் தோன்றியது. நான்காம் வகுப்பு என்று போட்டார். இன்னும் ஒரு கட்டம்தான் மிச்சம்.

"அங்க அடையாளம்" என்றார்.

வெள்ளையம்மாளுக்கு அது போதும். கபிஷாவைக் கைப்பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டார். புறங்கையில் ஒரு புள்ளி. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். போய்விட்டது. "புளிக் கறை சார்." பிள்ளை கூச்சத்தில் கிளுக்கென்று சிரித்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு கிடைத்தது. அது ஒன்று. தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே மிளகளவு ஒரு புள்ளி.

ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. நீளமாக இன்னொரு தடவையும் அடித்தது. வதனி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் வெள்ளையம்மாளின் கட்டை விரலிலேயே இருந்தது. அந்த விரல் காதுக்குப் பின்னால் ஒருமுறை தேய்த்தது. எச்சிலைத் தொட்டு மறுபடி அழுத்தித் தேய்த்தது. மூன்றாம் முறையும் தேய்த்தது. பிறகு வெள்ளையம்மாள் அந்த விரலைப் பதிவேட்டுக்கு மேலே, தலைமையாசிரியரின் கண்ணுக்கு நேராக நீட்டினார். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.